மனிதக் கையே படாத குட்டி, ஒரே குளிர்காலத்தில் நண்பனாவது எப்படி? எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளைப் பழக்கும் முறை - முழு விளக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் நவம்பர் மாதம். பிறந்து ஆறு மாதமே ஆன குதிரைக்குட்டி ஒன்று வண்டியில் இருந்து இறங்குகிறது. அதுவரை அது பார்த்ததெல்லாம் திறந்த மேட்டு நிலம், தாய், தன் கூட்டம் மட்டும்தான். மனிதக் கை அதன் மேல் பட்டதே இல்லை என்று சொல்லலாம். புதிய கொட்டகையில் நுழைந்ததும் மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்குகிறது.

அடுத்த வசந்த காலத்துக்குள் இதே குட்டி கயிறு போட்டால் கூடவே நடக்க வேண்டும், குளம்பைத் தூக்கிக் காட்ட வேண்டும், கால்நடை மருத்துவர் ஊசி போட்டால் நிற்க வேண்டும். அடிக்காமல், மிரட்டாமல் இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

எக்ஸ்மூர் மட்டக்குதிரை என்றால் என்ன?

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குள்ளமான குதிரைகளை நாம் மட்டக்குதிரை என்கிறோம் இல்லையா? குதிரை உலகில் பொதுவாக 148 சென்டிமீட்டருக்கு மேல் வளராதவை இந்த வகையில் வரும். எக்ஸ்மூர் இனம் அதைவிடவும் குட்டை. பெரும்பாலும் 115 முதல் 130 சென்டிமீட்டர் உயரம்தான்.

சாமர்செட், டெவன் ஆகிய இரு மாவட்டங்களில் பரந்திருக்கும் எக்ஸ்மூர் மேட்டு நிலம்தான் இவற்றின் தாய்வீடு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரிமையாளர் உண்டு. ஆனாலும் மழை, பனி எதுவானாலும் ஆண்டு முழுக்க வெட்டவெளியில்தான் வாழ்கின்றன. அதனால் இவற்றை 'அரைக்காட்டு' குதிரைகள் என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த இனம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. பயிற்சிக்கு வந்த வீரர்களின் குண்டுக்குச் சில பலியாகின. இறைச்சித் தட்டுப்பாட்டில் சில திருடப்பட்டன. போர் முடிந்தபோது மிஞ்சியவை ஏறக்குறைய 50 மட்டுமே. மேரி எதரிங்டன் என்ற பெண்மணியும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து மீட்டெடுத்ததால்தான் இன்று இவை உயிரோடு இருக்கின்றன. இன்றும் இது அரிய இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

குட்டிகளை ஏன் பழக்க வேண்டும்?

இலையுதிர் காலத்தில் கூட்டங்களை ஒன்றாக ஓட்டி வந்து, குட்டிகளை ஆய்வு செய்து, அடையாளப்படுத்துகிறார்கள். இனப்பெருக்கத்துக்குத் தேவையான சில குட்டிகள் மேட்டுக்கே திரும்பும். மீதிக்கு? நிலம் தாங்கும் அளவுக்கு மேல் கூட்டம் பெருகக் கூடாது என்பதால், அவற்றுக்கு வேறு வீடு பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். யாரையும் அருகில் விடாத, பிடித்தால் உதைக்கிற குட்டியை வாங்க ஆள் வராது. எக்ஸ்மூர், டார்ட்மூர் போன்ற மேட்டு நிலங்களில் விலை போகாத குட்டிகள் இறைச்சிக்கூடத்துக்குப் போவது பல காலமாகவே உள்ள வேதனை. அதே குட்டி மனிதரிடம் பழகிவிட்டால் சிறுவர் சவாரிக்கும், வண்டி இழுக்கவும், புல்வெளிப் பராமரிப்புக்கும் போகும். பழக்குவது அதன் ஆயுளையே தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை.

எக்ஸ்மூரில் மூர்லாண்ட் மௌசி என்ற அறக்கட்டளை, இப்படி வீடு தேவைப்படும் குட்டிகளை ஏற்றுப் பழக்கி, புதிய இடம் தேடித் தருகிறது.

குளிர்காலம் ஏன் சரியான நேரம்?

வசந்தத்தில் பிறந்த குட்டி தாயைப் பிரியும் வயதை எட்டும்போது குளிர்காலம் தொடங்கிவிடுகிறது. புல் வளர்ச்சி நின்றுவிடுவதால் குதிரை வைக்கோலுக்காக மனிதரை நம்பி இருக்கிறது. தினமும் இரண்டு வேளை வைக்கோலோடு வருகிற ஆளை எந்தக் குட்டிதான் கவனிக்காது?

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் 8 மணி நேரம்தான். மைதானம் சேறு. வளர்ந்த குதிரைகளுக்கும் சவாரி குறைந்துவிடும். எனவே தரையில் நின்றபடியே செய்யும் பயிற்சிகளுக்கு நேரம் கிடைக்கிறது. பத்து நிமிடப் பயிற்சி, தினமும். அவ்வளவுதான் தேவை.

குதிரை உலகத்தை எப்படிப் பார்க்கிறது?

குதிரை, இரையாகும் விலங்கு. ஆபத்து என்றால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி வரை சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாத இடங்கள் உண்டு.

அதனால்தான் நேராக முகத்தை நோக்கிக் கையை நீட்டினால் குட்டி மிரள்கிறது. பின்னால் இருந்து சத்தமில்லாமல் வந்தால் உதைக்கிறது. அது முரட்டுத்தனம் இல்லை, பயம். தோள்பட்டைப் பக்கமாக, சாய்வாக, மெதுவாக வருவதே சரி.

முதல் வாரம்: தொடவே வேண்டாம்!

புதிதாக வந்த குட்டிக்கு முதல் தேவை, துணை. இன்னொரு குட்டியோ அமைதியான வயதான குதிரையோ கூட இருக்க வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைத் தனியாக அடைத்தால் பதற்றம் கூடுமே தவிர, மனிதரிடம் ஒட்டாது.

முதல் சில நாள் பழக்குபவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வைக்கோல் போட்டுவிட்டு அதே கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பது. குட்டியை உற்றுப் பார்க்கக் கூடாது. புத்தகம் படிக்கலாம், மெல்லிய குரலில் பேசலாம். 'இந்த ஆள் வந்தால் ஒண்ணும் ஆகாது' என்று குட்டிக்குப் புரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

'நெருங்கு, விலகு' முறை என்றால் என்ன?

குட்டி பொறுத்துக்கொள்ளும் தூரம் வரை மட்டும் நெருங்க வேண்டும். அது தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, ஒரு நொடி அசையாமல் நின்றாலோ உடனே பழக்குபவர் பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கல்தான் பரிசு. 'அமைதியாக நின்றால் அழுத்தம் குறையும்' என்று குட்டி கற்றுக்கொள்கிறது.

நேரம்தான் இதில் முக்கியம். குட்டி ஓடும்போது விலகினால், 'ஓடினால் தப்பிக்கலாம்' என்று தப்பான பாடம் பதிந்துவிடும். அதேபோல, அது ஓடத் துடிக்கும் அளவுக்கு நெருங்கினாலே பழக்குபவர் அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அடுத்த முறை இரண்டடி முன்னாலேயே நிற்க வேண்டும்.

முதல் தொடுதல் எந்த இடத்தில்?

மூக்கைத் தடவலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் சரியான இடம், கழுத்தும் முதுகும் சேரும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும்போது விரும்பித் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். அங்கே மனிதர் சொறிந்துவிட்டாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்துச் செய்யப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு இடத்தில் சொறிந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தட்டிக்கொடுப்பதைவிடச் சொறிந்துவிடுவது நல்லது. குட்டிக்குப் பிடித்துவிட்டால் மேலுதட்டை நீட்டி நெளிக்கும். அதைப் பார்த்தால் சிரிப்பே வந்துவிடும்!

குட்டி என்ன சொல்கிறது? இப்படிக் கண்டுபிடிக்கலாம்

தலை தாழ்ந்திருப்பது, கண் இயல்பாக இமைப்பது, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பது, மூச்சை நீளமாக விடுவது எல்லாம் நிம்மதியின் அடையாளம். காது பின்னோக்கி ஒட்டியிருப்பது, வாய் இறுகியிருப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாலை வெடுக்கென்று வீசுவது எச்சரிக்கை.

வாயை மென்று நாக்கை நீட்டினால் 'அடங்கிவிட்டது' என்று சிலர் சொல்வதுண்டு. பதற்றம் தணிகிற நேரத்திலும் குதிரை இப்படிச் செய்யும். அதாவது சற்று முன்புவரை அது பதற்றத்தில் இருந்திருக்கலாம். எனவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

தலைக்கயிறு, குளம்பு: அடுத்த படிகள்

* முதலில் வெறும் கயிற்றைக் காட்டி, முகர்ந்து பார்க்க விட்டு, கழுத்தில் உரசி எடுக்க வேண்டும். தலைக்கயிறு மாட்டுவது அதற்குப் பிறகுதான்.

* கயிற்றை லேசாகப் பிடித்து, குட்டி ஓரடி வந்ததும் தளர்த்த வேண்டும். இழுத்துப் போராடினால் அதன் இளம் கழுத்தில் அடிபடும்.

* கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவே கூடாது. குட்டி ஓடினால் விரல் போய்விடும். தலைக்கவசம், கையுறை, உறுதியான காலணி கட்டாயம்.

* காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பழக்கி, முதலில் ஒரு நொடி மட்டும் தூக்கி இறக்க வேண்டும். குளம்பைச் சீவ வருபவருக்கு உதவும் முக்கியமான பாடம் இது.

தின்பண்டம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முறையோடு. ஒரு குச்சியின் நுனியை மூக்கால் தொட்டால் 'டிக்' என்ற ஒலி, உடனே ஒரு துணுக்குத் தீனி. இப்படித் தொடங்குவது பலருக்கும் எளிதாக இருக்கிறது. ஆனால் சட்டைப்பையை முட்டும்போது கொடுத்தால் கடிக்கும் பழக்கம் வந்துவிடும். முகத்தைத் திருப்பி அமைதியாக நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும்.

சர்க்கரைக் கட்டி, நிறைய கேரட் வேண்டாம். மட்டக்குதிரைகள் எளிதில் கொழுத்துவிடும். குளம்புக்குள் வீங்கி நடக்கவே முடியாமல் செய்யும் குளம்பு அழற்சியும் இவற்றுக்குச் சுலபமாக வரும். வைக்கோல் வில்லைத் துணுக்குகளே போதும்.

குளிரில் உடல்நலத்தை எப்படிக் கவனிப்பது?

எக்ஸ்மூர் குட்டிக்கு இயற்கையே ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கிறது. பகல் குறையத் தொடங்கியதும் இரண்டடுக்கு ரோமம் வளரும். உள்ளே கம்பளி போன்ற மென்மை, வெளியே நீர் ஒட்டாத நீண்ட மயிர். உடல் வெப்பம் வெளியேறாததால் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். ஆரோக்கியமான குட்டிக்கு ஒதுங்க இடமும் வைக்கோலும் இருந்தால் பொதுவாகப் போர்வை தேவைப்படாது.

ஆனால் அந்த அடர்ந்த ரோமமே மெலிவை மறைத்தும்விடும். பார்த்தால் குண்டாகத் தெரியும், கையை வைத்து அழுத்தினால் விலா எலும்பு தட்டும். எனவே வாரம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம். பழக்கினால்தானே தொட முடியும்?

வைக்கோல்தான் குதிரையின் அடுப்பு. பெருங்குடலில் நார் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. குளிர் கூடினால் தானியத்தைவிட வைக்கோலைக் கூட்டுவதே சரி. தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியைக் காலையும் மாலையும் உடைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். குடற்புழு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எப்போது சவாரி செய்யலாம்?

இந்தக் குளிர்காலத்தில் இல்லை. அடுத்ததிலும் இல்லை! எலும்பு முதிரக் குறைந்தது மூன்று, நான்கு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை கயிற்றோடு நடைபயிற்சி, வண்டியில் ஏறி இறங்குவது, புதிய ஒலிகளைக் கேட்டுப் பழகுவது போதும்.

சுருக்கமாகச் சொன்னால், துணையோடு வைப்பது, பயப்படும் முன் விலகுவது, சரியான இடத்தில் சொறிவது, தினமும் கொஞ்ச நேரம். ஒருநாள் குட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் அதற்கு முன் நன்றாகச் செய்த ஒரு சிறு வேலையைச் செய்ய வைத்து, அத்தோடு முடித்துவிடலாம். மறுநாள் காலை வைக்கோலோடு போனால், வாசலுக்கு அதுவே வந்து நிற்கும் நாள் ஒன்று வரும். மனிதக் கையே அறியாமல் மேட்டில் இருந்து வந்த குட்டிக்கு, வீடு கிடைக்கும் வாய்ப்பு அந்த நாளில் இருந்துதான் தொடங்குகிறது.