காணக் கற்றவர்

படக்கொட்டகையை விட்டு வெளிவரும் நம்மவர் நடிகரைப் பேசுவர். நடிகையின் அழகைப் பேசுவர். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு சேர்வர். அந்த நடிகையின் முகத்தின்மேல் எப்பக்கமிருந்து ஒளி விழவேண்டும், எவ்விடத்தில் நிழல் நிற்கவேண்டும் என்று முடிவு செய்தவர் யாரென்று கேட்பவர் மிகச் சிலரே. மாளிகையைப் புகழ்ந்து கொத்தனாரை மறப்பது உலகத்தாருக்குப் பழகிப்போன குணமன்றோ! அவ்வாறு மறக்கப்படும் தொழிலாளருள் தலைசிறந்து விளங்கிய ஜாக் கார்டிஃப் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இவர் 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஊர் ஊராய்ச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்த மேடைக் கலைஞர்கள். ஆதலின் ஒரு பள்ளியில் நிலைத்துப் பயில இவருக்கு வாய்ப்பில்லை. நான்கு வயதிலேயே ஊமைப்படத்தில் நடித்த இவர், இளமை அரும்பும் பருவத்தில் ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பின்னர்க் காமிராப் பகுதியில் உதவியாளரானார். சான்றிதழ் ஒன்றும் கையில் இல்லை. ஆயினும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஓவியங்களைத் தேடிச் சென்றார். ரெம்பிராண்ட், வெர்மீர் ஆகியோர் தீட்டிய படங்களின்முன் நின்று, பலகணி வழியே வரும் ஒளி சுவரை எப்படித் தொடுகிறது, நெற்றியை எப்படித் தடவுகிறது, எங்கே இருளாய்க் கரைகிறது என்று ஆராய்ந்தார். அவருக்கு அதுவே கல்லூரி.

1936-ஆம் ஆண்டு டெக்னிகலர் என்னும் அமெரிக்கக் கம்பெனி, வர்ணப்படத் தொழிலைக் கற்பிக்க இங்கிலாந்தில் ஓர் ஆளைத் தேடிற்று. தேர்வுக்கு வந்தவர்களிடம் கணக்கும் ஒளிநூலும் வினாவாயின. தமது முறை வந்ததும், தொழில்நுட்பக் கல்வியில் தாம் மிகவும் பின்தங்கியவர் என்று கார்டிஃப் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பின் எதைத்தான் கற்றீர் என்று கேட்கப்பட்டபோது, ஓவியர்கள் ஒளியைக் கையாண்ட முறையைக் கற்றதாக விடையிறுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. இச்செய்தியைப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் நேர்மையும், தெரிந்ததை அஞ்சாது சொல்லும் துணிவும் ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அக்கால டெக்னிகலர் காமிரா எளிய கருவியன்று. உள்ளே நுழையும் ஒளியை ஒரு பளிங்குப்பட்டகம் பிரித்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளையும் மூன்று பிலிம் சுருள்கள் தனித்தனியே பதிந்துகொள்ளும். பின்னர்ச் சாயங்கள் ஒரே பிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றப்படும். இதற்கு வேண்டிய வெளிச்சமோ கண்ணைக் கூசச் செய்வது. அதன் வெப்பமோ நடிகரை வாட்டுவது. வர்ணங்கள் தெளிவாய் விளங்க வேண்டும் என்று கம்பெனியும் பல விதிகளை வகுத்திருந்தது. கார்டிஃபோ நிழலுக்கும் நிறமுண்டு என்பதை ஓவியரிடம் கற்றவர். ஆகவே அவ்விதிகளைத் துணிந்து மீறினார்.

1944-இல் வெளிவந்த ‘வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்’ என்னும் போர்க்காலப் படத்திற்காக அப்பெருங்காமிராவைக் கடலிடையே படகில் ஏற்றினார். அப்படத்தில் நடித்தோர் தொழில் நடிகரல்லர். மெய்யான கப்பல் தொழிலாளர்கள். 1946-இல் மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் என்னும் இரட்டையர் தந்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ படத்தில், கடற்கரைக் காட்சியொன்றுக்குப் பனிமூட்டம் வேண்டியபோது காமிராவின் கண்ணாடியில் தம் மூச்சையே ஊதினார். 1948-இல் வந்த ‘தி ரெட் ஷூஸ்’ படத்தில், நடனமாடுவோர் தாவும்போது காமிராவின் வேகத்தை மாற்றி, அவர்கள் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றச் செய்தார்.

இவ்விரண்டிற்கும் இடையே 1947-இல் வெளிவந்ததே ‘பிளாக் நார்சிசஸ்’. இமயமலைச் சாரலில் மடம் அமைக்கச் செல்லும் கன்னியாஸ்திரீகளின் கதை அது. பசுமை கலந்த நிழல், விடியலின் செந்நீலம், மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஆகியவற்றால் உள்ளத்தின் கலக்கத்தையே ஒளியால் எழுதினார் கார்டிஃப். ஆஸ்கார் பரிசு அவரை நாடி வந்தது.

ஆனால் அப்படத்தில் நாம் காணும் இமயம் இமயமன்று! படம் முழுதும் இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டது; பெரும்பகுதி பைன்வுட் ஸ்டூடியோவிலும், சில காட்சிகள் சசெக்ஸ் மாகாணத்துத் தோட்டம் ஒன்றிலும் ஆயின. பனிமலைகள் கண்ணாடியில் தீட்டியவையும், பெரிதாக்கிய கருப்பு வெள்ளைப் படங்களின்மேல் வர்ணக்கோல் பூசியவையுமாம். மலைநாட்டுப் பெண்ணாய் வந்த ஜீன் சிம்மன்ஸ் மேனியில் கருமை பூசிய ஆங்கிலப் பெண்மணி. முதன்மை நடிகருள் இந்தியர் ஒருவரே. அவர் மைசூர் யானைப்பாகனின் மகன் சாபு. மலைமக்களோ பெரும்பாலும் பின்னணி அலங்காரமாய் நிற்கின்றனர். அவர்களது உள்ளத்தைப் படம் வினவவில்லை. இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டில், லண்டனருகே கட்டப்பட்ட இந்தியா ஒன்று உலகை மயக்கிற்று.

கதைக்குக் கார்டிஃப் பொறுப்பாளியல்லர். அவர் திறமையில் குறை காண்பாரும் இலர். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. மெய்யின்மேலும் பொய்யின்மேலும் ஒளி ஒன்றுபோலவே விழும். ஒளியிடுவோன் எவ்வளவு வல்லவனோ, காண்போன் அவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும். வியப்பதோடு வினவுதலையும் சேர்ப்பதே பகுத்தறிவு.

அதன்பின் அவர் 1951-இல் வந்த ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ படத்திற்காகக் காங்கோ, உகாண்டா நாடுகளில், படக்குழுவினரை நோய்கள் வருத்திய நிலையிலும் உழைத்தார். 1960-இல் தாமே டைரக்ட் செய்த ‘சன்ஸ் அண்ட் லவர்ஸ்’ படத்திற்காகச் சிறந்த டைரக்டர் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். பின்னர் மீண்டும் காமிராவிடமே திரும்பினார். 2001-இல் வாழ்நாள் பணிக்காகச் சிறப்பு ஆஸ்கார் வழங்கப்பட்டது. 2009 ஏப்ரல் 22-ஆம் நாள், தமது 94-ஆம் வயதில் மறைந்தார்.

படிக்க வசதி கிட்டாத பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்களைப் பார்த்து, உனக்கென்ன தெரியும் என்று கேட்பாரும் பலர். பள்ளி வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளிக்கு வெளியிலும் கல்வி உண்டென்றே சொல்கின்றோம். கார்டிஃபுக்குச் செல்வமோ பட்டமோ துணை நிற்கவில்லை. இடைவிடாது உற்று நோக்கிய இரு கண்கள் துணை நின்றன. அக்கண்கள் நமக்கும் உண்டு. அடுத்தமுறை வெண்திரையின்முன் அமரும்போது, அன்பர்களே, முகத்தை மட்டும் பாராதீர். அம்முகத்தின்மேல் விழும் ஒளியையும் பாருங்கள். அது எங்கிருந்து வருகிறது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேளுங்கள். காணக் கற்றவனை ஏமாற்றுவது எளிதன்று.