பெரியப்பாவின் பத்மினியும் சுழலும் பிரஷ்ஷும்

போன மாதம் பெங்களூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். மகள் கல்யாணத்துக்கு அப்பா வண்டிதான் மண்டப வாசலில் நிற்க வேண்டுமாம். "தூத்துக்குடி பைபாஸ் பக்கம் ஆட்டோமேட்டிக் வாஷ் வந்திருக்காம்லா? அதுல ஒருதடவ விட்டு எடுத்துரு. பத்து நிமிசத்துல பளபளன்னு ஆயிரும்."

வண்டி 1986-ம் வருஷத்து பிரீமியர் பத்மினி. வெளிர் நீலம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பெரியப்பா புக் பண்ணி, வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி. அவர் 2019-ல் காலமாகிவிட்டார். அண்ணன் வெளியூர். சாவி என்னிடம்தான் இருக்கிறது. "சரிண்ணே, பாக்கேன்" என்று சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று யோசிக்கப் போய்த்தான் நாலு நாள் படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

விலை உயர்ந்த வாகனத்தை வாங்கிவிட்டு அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் முழிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆத்தூர்ப் பாலம் தாண்டினால் முக்காணி, அதற்கடுத்து பழையகாயல். 13-ம் நூற்றாண்டில் பாண்டியர்களின் குதிரைத் துறைமுகம் அதுதான். மார்க்கோ போலோ சொல்லும் 'காயல்' இந்த இடம்தான் என்று எடுத்துச் சொன்னவர் கால்டுவெல். அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், வழியில் கடலில் செத்துப்போனாலும் அரசர் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லை என்கிறார் போலோ. தீனியிலும் கோளாறு. சோறும் நெய்யும் பாலுமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. குதிரைக்கு எது ஆகும், எது ஆகாது என்பதுதான் தெரியவில்லை. இந்தக் குதிரைக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காருக்கு முன்னால் கோச்சு வண்டி. சென்னை சிம்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியபோது அவர்கள் தொழில் குதிரை வண்டி சம்பந்தப்பட்டதுதான். அதே கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டினார். கோச்சு வண்டிக்கு வார்னிஷ்தான் அழகு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். முடிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் அந்தக் காலக் கோச்சுமேன்களுக்குக் கழுவுவதில் கறாரான முறை இருந்தது. வெயிலில் வைத்துக் கழுவக்கூடாது. முதலில் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டு மண்ணை இளக்கிக் கீழே இறக்கிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் ஸ்பாஞ்சு. சொட்டு காய்வதற்குள் மெத்தென்ற தோலால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த சேற்றின்மேல் துணி படவே கூடாது. லாயத்துச் சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வார்னிஷைக் கெடுக்கும் என்பதால் வண்டிக் கொட்டகையை லாயத்திலிருந்து தள்ளிக் கட்டினார்கள்.

ஆரம்பக் காலக் கார்களுக்கும் இதே வார்னிஷ் பெயிண்ட்தான். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அவர்கள் பயன்படுத்திய கறுப்பு சீக்கிரம் காயும் என்பது. 1920-களின் நடுவில் டூபாண்ட் கம்பெனியின் 'டூகோ' என்ற லாக்கர் வந்தபிறகுதான் வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கு ஆனது, நிறங்களும் வந்தன. இன்றைக்கும் நம் ஊர் ஆசாரி பீரோவுக்கு "டூகோ அடிச்சுரலாமா சார்?" என்று கேட்கிறாரே, அந்த டூகோதான் இது.

சரி, மிஷினுக்கு வருவோம். 1914-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 'ஆட்டோமொபைல் லாண்டரி' என்று ஒன்றைத் திறந்தார்கள். பெயர்தான் பெரிசு, உள்ளே எந்த யந்திரமும் கிடையாது. ஆட்கள் காரைக் கையால் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒருத்தர் சோப்பு போட, அடுத்தவர் அலச, அதற்கடுத்தவர் துடைக்க வேண்டியது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1920-களில் செயின்ட் பால், சிகாகோ நகரங்களில் இருந்த 'வாஷ் பௌல்'. வட்டமாக, பெரிய சட்டி மாதிரி ஒரு கான்கிரீட் குளம். அடியில் வரிவரியாக மேடு. கால் டாலர் கொடுத்துவிட்டு அந்தத் தண்ணீருக்குள் காரை வட்டமடிக்க வேண்டும். வண்டி குலுங்கக் குலுங்க அடியில் அப்பிய சேறு கழன்றுவிடும். மேலே பளபளப்பதைப் பற்றி அந்தக் குளத்துக்குக் கவலையே இல்லை, அதற்கு அடிப்பாகம்தான் முக்கியம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார் பெருகியது, கூலியும் ஏறியது. காரை இழுத்துப் போக சங்கிலி, மேலே தண்ணீர்க் குழாய், பக்கத்தில் சுழலும் பிரஷ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1951-ல் சியாட்டிலில் ஆண்டர்சன் சகோதரர்கள் ஆள் கைபடாத முறையைக் கொண்டுவந்தார்கள். பிங்க் யானைப் படம் போட்ட அவர்கள் போர்டு பிற்பாடு அந்த ஊருக்கே அடையாளமாகிவிட்டது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் வைகலே, சுல்ஸ்பெர்கர் என்ற இருவர் 1962-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இன்னொரு வகை. அதில் கார் நிற்கும், பிரஷ்கள் காரைச் சுற்றி வரும். இன்றைக்கு நம் ஊர்களுக்கு வந்து சேரும் மிஷின்களில் பல இந்த இரண்டு வகையின் பேரன் பேத்திகள்தான்.

இந்த வரலாற்றில் ஒன்று கவனித்தேன். எந்தக் கட்டத்திலும் யாரும் "காருக்கு எது நல்லது?" என்று கேட்டு இந்த மிஷினைச் செய்யவில்லை. ஆள்கூலியைக் குறைப்பதும் நேரத்தை மிச்சப்படுத்துவதும்தான் நோக்கம். தப்பென்று சொல்லவரவில்லை. தினசரி ஓடும் காருக்கு அது போதும். ஆனால் கோச்சுமேனின் முதல் விதி என்ன? மண்ணைத் தண்ணீரால் இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மிஷின் அந்த வேலைக்குச் சில நிமிஷம்தான் ஒதுக்குகிறது. இறங்காமல் ஒட்டியிருக்கும் மண்ணைப் பிரஷ் உருட்டித் தேய்க்கும். நமக்கு முன்னால் போன வண்டியின் மண்ணும் அதே பிரஷ்ஷில் இருக்கலாம்.

எங்கள் பக்கத்து மண் சாமானியமானது இல்லை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் தேரிச் செம்மண் படிந்திருக்கும். இரும்புச் சாயம் ஏறிய குவார்ட்ஸ் மணல் அது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறும், பெயிண்ட் எம்மாத்திரம்? இன்றைய கார்களில் பெயிண்ட் அடுக்குகள் மொத்தமாகவே ஒரு தாள் கனம்தான், சுமார் 100 முதல் 120 மைக்ரான். மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் அதில் பாதிக்கும் குறைவு. கீறல் விழுந்தால் அதில் விழும், பாலிஷ் போட்டு ஒப்பேற்றலாம். பெரியப்பாவின் பத்மினிக்கு அந்தக் கவசமும் கிடையாது, நிறம்தான் கடைசித் தோல். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பனியன் வேஸ்ட் நீலமாகிவிடும். ஒவ்வொரு தேய்ப்பிலும் வண்டி கொஞ்சம் கரைகிறது என்று அர்த்தம். போதாததற்கு முன் கதவுகளில் முக்கோணக் கண்ணாடி, முப்பத்தெட்டு வருஷம் காய்ந்த ரப்பர் பீடிங், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா. பிரஷ் இழுத்தால் வந்துவிடும். உதிரிபாகத்துக்கு எங்கே போவது? பத்மினி தயாரிப்பு நின்றே கால் நூற்றாண்டு ஆகப்போகிறது.

ஆக, மிஷின் வேண்டாம், கைதான் நல்லது என்று முடித்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித்தான் பெரியப்பாவும் சொல்வார். "நம்ம வண்டிய நாமதான் தொடணும்டே."

ஆனால் அவர் கழுவிய விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஆற்றுக்கு ஓட்டிப்போய் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார். நானும் அண்ணனும் வாளியோடு குதிப்போம். தாமிரபரணித் தண்ணீர் என்றால் அவருக்கு அமிர்தம். ஆனால் ஸ்ரீவைகுண்டம் அணைதான் ஆற்றின் கடைசி அணை. கோடையில் அதைத் தாண்டித் தண்ணீர் வருவது குறைந்தால், புன்னக்காயல் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். அப்போதெல்லாம் நாங்கள் அமிர்தம் என்று நினைத்து உப்புத் தண்ணீரில்தான் வண்டியின் அடிவயிற்றை ஊறப்போட்டிருக்கிறோம். கொடிக்காலுக்கு உப்பு ஏறினால் முகம் வாடிப்போகும் மனுஷனுக்கு, அதே உப்பு வண்டியையும் தின்னும் என்று தோன்றவில்லை. 1998-ல் கீழ்த்தகடு ஓட்டையாகி டிங்கரிங் பண்ணினபோதும் "கடக்காத்துடே" என்றுதான் சொன்னார். கடல்காற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆறுமுகநேரி உப்பளங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆற்றில் வண்டி கழுவுவதை இன்றைக்கு நான் வேறு காரணத்துக்காகவும் செய்யமாட்டேன். அந்த ஆயிலும் கிரீஸும் போவது ஊர் குடிக்கிற தண்ணீரில்.

அடுத்தது தினசரித் துடைப்பு. பள்ளிக்கூடம் போகுமுன் பானெட்டைத் துடைத்து வைப்பது என் வேலை. அதற்கு எட்டணா. ஈரம் பட்டால் துரு பிடிக்கும் என்று உலர்ந்த துணிதான் கொடுப்பார். ராத்திரி படிந்த புழுதிமேல் உலர்ந்த துணியை வட்டம் வட்டமாகச் சுற்றுவேன். கோச்சுமேன் பார்த்திருந்தால் என் கையை உடைத்திருப்பான். வெயில் சாய்வாக விழும்போது பானெட்டில் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியும். அது பெயிண்ட்டின் குணம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமானது 2023 டிசம்பரில் நடந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு ஊருக்குள் வந்தது. ஷெட்டில் பத்மினியின் கதவுப் பிடி வரை தண்ணீர். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது வண்டிமேல் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, குடிக்கவே தண்ணீர் இல்லை. ஆனாலும் வண்டியை அந்தக் கோலத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. வண்டல் லேசாகக் காய்ந்து வெடித்திருந்தது. பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இடது பக்கக் கதவு இரண்டிலும் விசிறி மாதிரி விழுந்த கீறல்கள் அன்றைக்குப் போட்டவை. ஒரு வாரம் பொறுத்து, கரண்ட் வந்தபிறகு ஹோஸ் பிடித்திருந்தால் அத்தனையும் தானாக வழிந்திருக்கும்.

சோறும் நெய்யும் ஊட்டிய காயல் குதிரைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. இந்த வண்டிக்கு எந்த மிஷினும் செய்யாத சேதத்தை நாங்கள் மூன்று பேரும் கையால் செய்திருக்கிறோம்.

அதனால் நான் செய்தது இது. பைபாஸ் மிஷினை நேரில் போய்ப் பார்த்தேன். நான் நின்ற அரை மணி நேரத்தில் உப்பள வேலைக்கு ஓடும் ஜீப் ஒன்று உள்ளே போய் வந்தது. அதற்கடுத்து ஒரு புத்தம் புதிய வெள்ளைக் கார், அதே பிரஷ்ஷுக்கு. பத்மினியை அங்கே விடுவதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. அதற்குப் பதிலாக வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பிரஷர் அடிக்கும் ஒரு சாதாரண வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். முதல் கேள்வியாக "தண்ணி போரா, லாரியா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். லாரித் தண்ணீர்தானாம், போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விடுகிறது என்று கஸ்டமர்கள் சண்டை போடுகிறார்களாம். அடிப்பாகம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழ் இருக்கும் தண்ணீர் ஓட்டைகள் எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னேன். மேலே தூரத்திலிருந்து லேசாக நனைத்தால் போதும், துணி படக்கூடாது என்றேன். "பின்ன எதுக்கு அண்ணாச்சி வந்திய?" என்றார்.

மேல் வேலையை வீட்டில் வேப்பமர நிழலில் வைத்துச் செய்தேன். ஒரு வாளி சோப்புக்கு, இன்னொன்று கைத்துணியை அலச. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரை ஆனது. அலசிய வாளியின் அடியில் ஒரு சிட்டிகை செம்மணல் கிடந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று பத்மினி மண்டப வாசலில் நின்றது. சீரியல் லைட் வெளிச்சத்தில் பானெட் பூராவும் வட்டக் கீறல் பூத்திருந்தது. அண்ணன் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏல, மிஷின்ல விடாதன்னு நீதான சொன்ன? பின்ன இது யாரு போட்டது?" என்றான்.

"நான்தாண்ணே. நாலாங்கிளாஸ் படிக்கும்போது, நாளுக்கு எட்டணாவுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு நாலணாதானே கொடுத்தார் என்று கேட்டான்.