நரிக்குக் கிடைத்த விசாரணை

பஞ்சதந்திரக் கதைகளைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அரியர். சிங்கத்திற்கும் எருதுக்கும் இடையே இருந்த நட்பை நரியொன்று கோள்மூட்டிக் கெடுத்த கதை அந்நூலின் முதல் தந்திரமாகும். அக்கதை அரபு மொழிக்குச் சென்றபோது அதன் முடிவு மாறிற்று. அம்மாற்றத்தை ஊன்றி நோக்கின், ஆட்சியதிகாரம் பற்றிய இருவேறு தத்துவங்கள் அங்கே எதிரெதிர் நிற்பதைக் காண்கிறோம்.

வடமொழி நூலில், பிங்கலகன் என்னும் சிங்கம் தமனகன் என்னும் நரியின் சொல்லை நம்பிச் சஞ்சீவகன் என்னும் எருதைக் கொன்றுவிடுகிறது, பின்னர் வருந்துகிறது. தமனகனோ அரசனைத் தேற்றி, அமைச்சனாகவே நிலைபெறுகிறான். அவனை எவரும் விசாரிக்கவில்லை. அதிகாரத்தை அடைவதும் காப்பதும் எவ்வாறு என்பதே அங்கு எழும் வினா.

பாரசீக மன்னர் நௌஷேர்வான் காலத்தில் (கி.பி. 531-579) பர்ஸூயா என்னும் மருத்துவர் இக்கதைகளைப் பஹ்லவி மொழியில் பெயர்த்தார். அப்பிரதி இன்று இல்லை. அதனைக் கொண்டு கி.பி. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் இயற்றியதே ‘கலீலா வ திம்னா’. கரடகன் கலீலாவாகவும், தமனகன் திம்னாவாகவும் ஆயினர்.

இந்த அரபு நூலில் எருது மாண்டதோடு கதை முடியவில்லை. திம்னாவை விசாரிக்கும் தனி அத்தியாயம் ஒன்று தொடர்கிறது. பஹ்லவியிலிருந்து 6ஆம் நூற்றாண்டிலேயே பெயர்க்கப்பட்ட சிரியாக் மொழி நூலில் இது காணப்படாமையால், இது இப்னுல் முகஃப்பஃ தாமே சேர்த்ததாகும் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

அவ்விசாரணை எத்தகையது? சிங்கத்தின் தாய் திம்னாவைத் தண்டிக்குமாறு வற்புறுத்துகிறாள். சிங்கமோ சான்றின்றித் தண்டிக்கத் தயங்குகிறது. காழி அமர்கிறார். திம்னா தன் நாவன்மையால் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகத் தகர்க்கிறான். இறுதியில் சிறுத்தை ஒன்று சாட்சி கூற, சிறையிலிருந்த மற்றொரு விலங்கும் சாட்சியாகிறது. ஒருவர் சாட்சியம் தீர்ப்புக்குப் போதாது என்பதாலேயே முன்பு வாய் திறக்கவில்லை என்று விளக்கமும் தரப்படுகிறது. அதன் பின்னரே திம்னா மரண தண்டனை பெறுகிறான்.

தீயவன் தண்டனை பெற்றான் என்னும் அறிவுரை மட்டுமே இதில் உள்ளதென நாம் கருதிவிடலாகாது. குற்றமற்ற எருதை ஒரு வினாவும் எழுப்பாது கொன்ற அதே சிங்கம், குற்றவாளியான நரிக்குச் சாட்சி தேடிக் காத்திருக்கிறது. அரசனின் சினத்திற்கும் அவன் தீர்ப்புக்கும் இடையே காழியும் சாட்சியும் நிற்க வேண்டும் என்பதே இவ்வத்தியாயத்தின் உயிர்.

இதனை எழுதியவர் அதிகாரத்தின் கொடுமையைத் தம் இல்லத்திலேயே அறிந்தவர். வரி அலுவலராயிருந்த தந்தை, கையாடல் குற்றச்சாட்டில் வதைக்கப்பட்டுக் கை சூம்பியதால் ‘முகஃப்பஃ’ எனப்பட்டார் என்பர். மகனோ அப்பாஸிய கலீஃபா மன்சூருக்கு வரைந்த மடலொன்றில், ஒரே வழக்கில் காழிகள் முரண்பட்ட தீர்ப்பு வழங்குவதைச் சுட்டி, அனைவர்க்கும் பொதுவான சட்டத் தொகுப்பு வேண்டினார். கி.பி. 754இல் கிளர்ச்சி செய்து தோற்ற கலீஃபாவின் சிறிய தந்தை அப்துல்லாஹ் இப்னு அலீக்காகப் பாதுகாப்பு உறுதிப் பத்திரம் எழுதும் பணியும் அவரிடம் வந்தது. வாக்கை மீறினால் முஸ்லிம்கள் கலீஃபாவுக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்னும் அளவுக்கு அவர் அதனைக் கட்டிறுக்கி எழுதியதாக வரலாறுகள் கூறும். மன்சூரின் சினத்திற்கு அதுவே காரணம் என்பர். வேறு காரணம் கூறுவோரும் உளர். கி.பி. 757ஐ ஒட்டி, பஸ்ராவில் ஆளுநரின் கையால் அவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

கதையில் வஞ்சக நரிக்கும் அவர் விசாரணை வழங்கினார். அவருக்கோ அது கிடைக்கவில்லை. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்நூல் வாசிக்கப்படுகிறது. நம் பிள்ளைகளுக்குச் சிங்கமும் எருதும் கதையை இனிச் சொல்லும்போது, எருது மாண்ட இடத்தோடு நிறுத்தாது, காழியின் மன்றம் வரை சொல்லி முடிப்போமாக!