டெலக்ஸ்ல இருந்து வாய்ஸ் நோட் வரை: திருப்பூர் எதை எடுத்துக்கிச்சு, எதை விட்டுச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. தோத்தது நான்தான்.

2018. நான் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அப்பா வேலம்பாளையத்துல பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறவர். ஒரு பார்ட்டி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ல ரேட் சொன்னாங்க. 6,000 பீஸ் தைச்சுக் கொடுத்துட்டு பணம் வாங்கப் போனா, "பீஸுக்கு 50 பைசா கம்மியாத்தானுங்க பேசுனோம்"னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அப்பா போன் ரிப்பேராகி, பேக்கப் இல்லாம, அந்த வாய்ஸ் நோட் போயிருந்துச்சு. நட்டம் 3,000 ரூபாய். அந்தச் சனிக்கிழமை சம்பளம் போட அப்பா கைமாத்து வாங்குனார்.

எனக்குக் கோபம். நாலு மாசம் உட்கார்ந்து ஒரு ஆப் எழுதினேன். யாருகிட்ட எத்தனை மெஷின் சும்மா இருக்கு, யாரு என்ன ரேட் கேட்கிறாங்க, யாருக்கு எத்தனை ஸ்டார், எல்லாம் அதுல தெரியும். பேசின ரேட் அழியவே அழியாது. தெரிஞ்ச நாற்பது யூனிட்ல இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்தேன். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஆப்பைத் திறந்தது ரெண்டே பேர். நானும், என் சித்தப்பா பையனும்.

ஏன்னு புரிஞ்சுக்க நான் கொஞ்சம் பின்னால போக வேண்டியிருந்தது.

இந்த ஊர்ல எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு உண்டு. 1978-ல வெரோனாங்கிற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் வாங்க இங்க வந்தார். அதுவரைக்கும் உள்ளூருக்கு பனியன் நெய்துட்டு இருந்த ஊர், அங்கிருந்து ஏற்றுமதிக்குத் திரும்பிச்சு. 1990-ல திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கும் மேல இங்க இருந்துதான் போகுது.

இதுல கவனிக்க வேண்டியது, ஒரு டி-ஷர்ட் ஒரே கம்பெனிக்குள்ள முடியறது குறைவு. நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், பிரிண்டிங் வேற, தையல் வேற, செக்கிங், அயர்னிங் வேற. துணி ஊர் முழுக்கச் சுத்திட்டுத்தான் பெட்டிக்குள்ள போகும். அதை நகர்த்துறது "நம்ம அண்ணன் அனுப்புனாருங்க"ங்கிற ஒரு வார்த்தை. அதாவது, ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டி விடுற ஒரு சோஷியல் நெட்வொர்க், ஃபேஸ்புக் வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல ஓடிட்டு இருந்துச்சு.

அதனால இங்க ஒரு புதுக் கருவி வந்தா, கேள்வி ஒண்ணுதான்: இது ஏற்கனவே இருக்கிற வழியில போகுதா, இல்ல குறுக்க நிக்குதா?

டெலக்ஸும் ஃபேக்ஸும் வெளிநாட்டு பையர்கிட்ட பேச உதவுச்சு, எடுத்துக்கிட்டாங்க. 1995 ஆகஸ்ட் 15-ல வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்துச்சு. அப்புறம் வந்த ஈமெயிலையும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஈமெயில் மெர்ச்சண்டைசர் டேபிளோட நின்னுருச்சு. தையல் மெஷின் வரைக்கும் வரலை. 2004-ல வந்த ஆர்குட் எங்க அண்ணன்மாருக்கு பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரச் சந்தோஷம். 2014 செப்டம்பர் 30-ல அதை மூடினப்போ இங்க ஒரு மெஷின்கூட நிக்கலை.

வாட்ஸ்அப் கதையே வேற. 2013 ஆகஸ்ட்ல அது வாய்ஸ் மெசேஜ் கொண்டு வந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை இறங்குச்சு. இந்த ரெண்டும் சேர்ந்ததும் டைப் பண்ணத் தெரியாதவங்களும் உள்ள வந்தாங்க. ஒடிசாவுல இருந்து வந்த டெய்லர் ஒடியாவுலயே பேசி அனுப்பலாம். காலர்ல தப்பு இருந்தா, அதுமேல விரலை வச்சு ஒரு போட்டோ போதும்.

இதே காலத்துல 2015-ல விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால்னு ரெண்டு ஐ.ஐ.டி. இன்ஜினியர்கள் ஃபேஷ்நியர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பக்கத்துத் துணிக்கடைகளை ஆப்ல காட்டுற திட்டம். ஓடலை. ஆனா அவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க. கடைக்காரங்களும் வீட்ல இருக்கிற பெண்களும் ஏற்கனவே வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பித் துணி வித்துட்டு இருந்தாங்க. அந்த வழியிலேயே போய், அதையே மீஷோவா மாத்துனாங்க. 2019-ல ஃபேஸ்புக் இந்தியாவுல முதலீடு பண்ணுன முதல் ஸ்டார்ட்அப் அதுதான். அவங்க முதல் ஆப் தோத்ததும் ஜனங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தாங்க. நான் ஜனங்களுக்குப் புரியலைன்னு நினைச்சேன்.

அப்பாகிட்டயே கேட்டேன், "நீங்களாவது யூஸ் பண்ணக்கூடாதா?"

"ஏங்கண்ணு, என் மெஷின் சும்மா நிக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சா எவன் நல்ல ரேட் கொடுப்பான்? ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு ரேட். அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சா, இருக்கிற பார்ட்டியும் போயிருவாங்க."

நான் வெளிப்படைத்தன்மைன்னு நினைச்சது, சின்ன யூனிட்காரருக்கு அவரோட பேரம் பேசுற பலத்தைப் பறிக்கிற விஷயம். ஸ்டார் ரேட்டிங்கும் அப்படித்தான். பார்ட்டிக்கு ஒரு ஸ்டார் கொடுக்கிற தைரியம் அவங்ககிட்ட வேலை வாங்கிப் பிழைக்கிறவருக்கு எப்படி வரும்?

அதுக்காக வாட்ஸ்அப்பைக் கொண்டாட நான் வரலை. நம்பிக்கை போற வழியிலதான் பொய்யும் போகும். 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் போனுக்குப் போன் பரவுச்சு. ஹோலி நேரம் வேற. ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம். யாரு பண்டிகைக்குப் போறாங்க, யாரு பயந்து போறாங்கன்னு பிரிச்சே பார்க்க முடியலை. போலீஸ் மறுத்துச்சு, வழக்கு போட்டுச்சு. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேர்ல வந்து பார்த்துட்டுப் போச்சு. ஊர்ல இருக்கிற அம்மா "உடனே கிளம்பி வா"ன்னு அழுது அனுப்புற வாய்ஸ் நோட்டுக்கு முன்னாடி, அரசாங்க அறிக்கை மெதுவாத்தான் நடக்கும்.

என் ஆப்போட சர்வரை 2019-ல நிறுத்திட்டேன். ஆனா அந்த 3,000 ரூபாய்ப் பிரச்சனை?

அதை அப்பாவே தீர்த்துட்டார். கட்டிங் பீஸ் வரும்போது எப்பவும் ஒரு டெலிவரி சலான் வரும், நாங்க டிசின்னு சொல்வோம். அப்பா அந்த டிசி மேலேயே பேனாவுல ரேட்டை எழுதுவார். போட்டோ எடுத்து, பார்ட்டிக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவார். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "சரக்கு வந்துருச்சுங்க, டிசி பார்த்துக்கங்க." ரேட்டைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்காது. யாரையும் சந்தேகப்பட்ட மாதிரியும் ஆகாது, ரெண்டு போன்லயும் ஆதாரமும் இருக்கும்.

நாலு மாசம் கோட் எழுதி நான் செய்ய முடியாததை, அவர் ஒரு பேனாவை வச்சு முடிச்சுட்டார்.

உங்க வீட்ல, உங்க கடையில யாராவது ஒரு ஆப்பை அதை எழுதினவங்க நினைச்சே பார்க்காத மாதிரி யூஸ் பண்றாங்களா? ஒரு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.