காட்டில் தூக்கிய கால்

நடனம் என்றவுடன் மேடையும் திரைச்சீலையும் விளக்கொளியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆடுபவருக்கு ஓர் எல்லை. பார்ப்பவருக்கு ஓர் இருக்கை. இவ்விரண்டையும் ஒருசேர நீக்கிய சிறிய படமொன்று 1945 ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவானது. ஓடும் நேரம் ஏறத்தாழ மூன்றே நிமிடம். ஒலி இல்லை, கதை இல்லை, ஆடுபவரும் ஒருவரே. ஆயினும் நடனத்தைப் படமாக்கும் கலையின் வரலாற்றில் அதற்கு முதன்மையான இடம் உண்டு.

படத்தை எடுத்தவர் மாயா டெரன். 1917 இல் கீவ் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். கருப்பின நடனக் கலைஞர் காதரின் டன்ஹமிடம் செயலராகப் பணியாற்றியவர். அக்குழுவில் ஆடிவந்த டாலி பீட்டி என்னும் இளைஞரே இப்படத்தின் நாயகர்.

பிர்ச் மரங்கள் நிறைந்த காட்டில் படம் தொடங்குகிறது. காமிரா மெல்லத் திரும்ப, ஒரே மனிதர் மரங்களிடையே மீண்டும் மீண்டும் தோன்றுகிறார். காட்டில் அவர் தூக்கிய கால் ஒரு வீட்டின் அறைக்குள் இறங்குகிறது. அடுத்த அடியில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடம். அங்கே பல முகங்கொண்ட பௌத்தச் சிலையின் முன் சுழல்கிறார். மெதுவாகத் தொடங்கும் சுழற்சி கண்ணுக்குப் பிடிபடாத விரைவை அடைகிறது. இறுதியில் ஒரு நெடிய தாவல். நீர்ப்பரப்பை நோக்கிய உயர்ந்த வெளியில் வந்து அமர்கிறார்.

அத்தாவல், தனித்தனியே எடுத்த பல துண்டுகளின் இணைப்பு. சுழற்சியின் விரைவு, படச்சுருள் ஓடிய வேகத்தை மாற்றியதன் விளைவு. காமிரா இங்கே வெறும் பார்வையாளர் அன்று, உடன் ஆடுகிறது. இதை மனிதனும் வெளியும் சேர்ந்து ஆடும் இருவர் நடனமாகவே டெரன் கருதினார்.

ஆனால் ஆடியவர் யார் என்பதை நாம் மறத்தலாகாது. அந்நாளில் அந்நாட்டின் தென்மாநிலங்களில் கருப்பினத்தவர் எங்கே அமரலாம், எங்கே படிக்கலாம், எங்கே உண்ணலாம் என்பதைச் சட்டமே வரையறுத்தது. பொது இடங்களில் அவ்வேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் 1964 இல்தான் வந்தது. அத்தகைய நாட்டில், காடும் இல்லமும் கலைக்கூடமும் ஒரு கருப்பின இளைஞரின் காலடிக்குத் தடையின்றித் திறக்கின்றன. படம் இதைப் போதிக்கவில்லை. வரலாறு அறிந்து பார்ப்பவருக்கு அது புலப்படாமற் போவதில்லை. தம் மக்களின் துயரை 1947 இல் 'தென்னக நிலக்காட்சி' எனப் பொருள்படும் நடனமாக அமைத்தவரும் இதே பீட்டிதான். தேவாலயத்தில் துயருற்றோர் அமரும் ஒரு நீள்பலகையே அதன் ஒரு பகுதிக்கு மேடையாயிற்று.

டெரன் காட்டிய வழியில் பலர் நடந்தனர். எமி கிரீன்ஃபீல்ட் 1973 இல், சேற்றில் விழுந்தெழும் தம் உடலையே படமாக்கினார். 1967 முதல் கிடைத்த, கையில் எடுத்துச் செல்லத்தக்க வீடியோ கருவிகள் இத்தகைய முயற்சிகளை எளிதாக்கின. கடலும் மலையும் வயலும் அரங்குகளாயின.

எனினும் அந்த முதற்படத்தின் வலிமை கருவியில் இல்லை. எந்த நிலமும் எந்த மனிதனுக்கும் அந்நியமன்று என்று ஒரு காலடி சொல்லாமற் சொல்கிறது. நாட்டின் சட்டம் அதை ஏற்க மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. மனித மனம் முழுமையாக ஏற்றுவிட்டதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.