புரோநோட்டு தந்த கிறிஸ்துமஸ் விடுமுறை

கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் ஐந்து ஷில்லிங் அபராதம். விருந்து வைத்துக் கொண்டாடினாலும் அதே தண்டம். 1659-இல் மாசசூசெட்ஸில் இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் பைபிளைக் கரைத்துக் குடித்த பியூரிட்டன்கள்! டிசம்பர் 25 இயேசு பிறந்த நாள் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. குடியும் சூதுமாகக் கழிகிற பண்டிகை அவர்களுக்கு ஆகவே ஆகாது. இங்கிலாந்தின் நெருக்குதலால் 1681-இல் சட்டம் நீங்கியது. வெறுப்பு மட்டும் மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தை விட்டு லேசில் போகவில்லை.

அப்புறம் எப்படி அதே நாள் விடுமுறை ஆனது? பக்தியால் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

அந்தக் காலத்து வியாபாரம் புரோநோட்டிலும் உண்டியலிலும் ஓடியது. கெடு நாளில் பணம் வராவிட்டால் நோட்டரி அதைப் பதிவு செய்துவிடுவார். கடனாளியின் நாணயம் சந்தி சிரிக்கும். சரி, கெடு கிறிஸ்துமஸில் விழுந்து, அன்று ஊரே கடையடைத்திருந்தால்? இந்தச் சிக்கலுக்குத்தான் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் எழுதின. அந்த நாளை ஞாயிற்றுக்கிழமை போலக் கருதலாம். பணத்தை முந்தின நாளே கட்டிவிட வேண்டும். 'சட்டப்படி விடுமுறை' என்பதற்குப் பல மாநிலங்களில் இருந்த பொருள் இவ்வளவுதான். தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு என்ற பேச்சே அதில் இல்லை.

முதல் மாநிலம் எது? 1836-இல் அலபாமா என்று பல நூல்கள் சொல்கின்றன. ஆய்வாளர்கள் சிலர் மறுக்கிறார்கள். 1830-களின் இறுதியில் லூசியானா வந்துவிட்டது. தெற்கில் பண்டிகைக்கு எதிர்ப்பு கிடையாது. ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கப்பல் கப்பலாக பாஸ்டனில் வந்திறங்கிய பிறகு, 1850-களின் நடுவில், அபராதம் போட்ட மாசசூசெட்ஸே வழிக்கு வந்தது.

1870-இல் அமெரிக்க நாடாளுமன்றம் விடுமுறைச் சட்டம் இயற்றக் காரணமும் வாஷிங்டன் வங்கியாளர்கள், வணிகர்கள் கொடுத்த மனுதான். அக்கம்பக்கத்து மாநிலங்களில் விடுமுறை, தலைநகரில் மட்டும் இல்லை என்றால் கணக்கு இடிக்குமே! ஜூன் 28 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டார். அதுவும் தலைநகர வட்டாரத்துக்கு மட்டும். இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் மாநிலங்களுக்கு விடுமுறை விதிப்பதில்லை.

1998-இல் சின்சினாட்டி வழக்கறிஞர் ஒருவர், மதச்சார்பற்ற அரசு கிறிஸ்துமஸ் விடுமுறை தரலாமா என்று வழக்குப் போட்டார். நீதிபதி சூசன் ட்லாட் தீர்ப்பைப் பாட்டோடு தொடங்கி, இந்த விடுமுறைக்கு மதம் சாராத நோக்கம் உண்டு என்று சொல்லித் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.