தேசிங்குக்குப் பித்தா?

ஆரணியில் எனக்குக் கிடைத்த தேசிங்குராஜன் கதைப் பிரதி ஒரு பட்டு நெசவாளர் வீட்டு மாடக்குழியில் இருந்தது. பெரிய எழுத்துப் பதிப்பு, முன்தாள்கள் உதிர்ந்துவிட்டன. நின்ற பக்கத்துக்கு அடையாளமாக ஒரு துண்டுச் சரிகை வைத்திருந்தார்கள். குழித்தறியில் நாடாவை ஓட்டிக்கொண்டே பெரியவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "அவனுக்குப் பித்துங்க. சாமியே போவாதன்னுச்சி, கேட்டானா?"

சாமி என்றது செஞ்சியை அடுத்த சிங்கவரம் ரங்கநாதரை. போருக்கு உத்தரவு தராமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தேசிங்கு போகிறான். மணக்கோலத்தில் இருந்த நண்பன் மோவுத்துக்காரனை அழைத்துக்கொள்கிறான். வெள்ளம் புரளும் ஆற்றில் குதிரையை இறக்குகிறான். எல்லாம் முடிந்தபின் வாளை மேலே எறிந்து மார்பில் ஏந்திச் சாகிறான். கதைப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதை மறுப்பது கடினம்.

ஆவணங்கள் என்ன சொல்கின்றன? 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, செஞ்சியின் தேசிங்கு (தேஜ் சிங்) இறந்தது வரலாறு. விரிவான தமிழ்ச் சான்று 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. நாராயணன் என்பவர் 1803 வாக்கில், மெக்லியாட் என்ற ஆங்கிலேய அதிகாரிக்காக எழுதியது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றில் இந்தப் பகுதி பெரும்பாலும் இதையே சார்ந்தது. இங்கே வானத்து வாள் இல்லை. துப்பாக்கிக் குண்டு இருக்கிறது. ஆற்று வெள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்தச் சான்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். போருக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 90 ஆண்டுகள். அதற்குள் பாட்டு ஊரெல்லாம் பரவியிருக்கலாம். நாராயணனின் காதிலும் விழுந்திருக்கலாம். ஆகவே வீர தீரச் செய்திகளை ஒதுக்கி, பாட்டுக்காரருக்குப் பயன்படாத செய்தியைத் தேடினேன். அப்படி ஒன்று அகப்பட்டது: ஃபர்மான், அதாவது பாதுஷாவின் முத்திரை பெற்ற ஆணை. தந்தை சொரூப்சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்தவர். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சியின் கில்லேதார், கோட்டைப் பொறுப்பாளர். நவாப் கேட்டது பல ஆண்டு வரிப் பாக்கி. தந்தை இறந்தபின் மகன் காட்டிய பதில், தந்தைக்குக் கிடைத்த அந்த ஃபர்மான். பாட்டில் குதிரைக்கு இருக்கும் இடத்தில் கால்வாசிகூட இந்தக் காகிதத்துக்கு இல்லை. அதனாலேயே இதை நம்புகிறேன்.

தந்தைக்குத் தந்தது தனக்கும் உரியது என்ற அவன் வாதம் முகலாய முறைப்படி நிற்காது. ஜாகீர் என்பது ஊழியத்துக்கு ஈடாக விட்ட வரி வருமானம். ஊழியர் இறந்தால் அது சர்க்காருக்குத் திரும்பும். மகன் புதிய சனது, நியமனப் பத்திரம், வாங்க வேண்டும். அப்பாவின் காகிதத்தைக் காட்டி ஆளலாம் என்று எண்ணியது மயக்கம்தான் என்று இங்கேயே முடித்துவிடலாம்.

முடிக்கவிடாமல் தடுத்தது ஆரணிதான். 17ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜி காலத்தில் வேதாஜி பாஸ்கர பந்திடம் வந்த ஆரணி ஜாகீர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், நவாப், கும்பினி என்று மேலே ஆட்கள் மாறியும், அதே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியது. ஆற்காட்டிலிருந்து தெற்கே செஞ்சிக்கு வரும் வழியில்தான் ஆரணி. புந்தேல்கண்டிலோ ஓர்ச்சா போன்ற ராஜ்யங்களை முகலாயர்கள் வதன் ஜாகீராக, பரம்பரைச் சொந்தமாக, ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறந்த மண்ணிலும் பக்கத்து ஊரிலும் அப்பன் சொத்து பிள்ளைக்கு வந்தது. செஞ்சிக்கு மட்டும் சட்டம் வேறு என்று 22 வயது இளைஞன் (அப்படித்தான் சொல்கிறார்கள்) ஏன் நம்ப வேண்டும்?

செர்வாண்டிஸின் டான் கிஹோத்தே வீரக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்தவன். தேசிங்கு பிடித்துக்கொண்டிருந்தது கதையல்ல, முத்திரையிட்ட காகிதம், காலாவதியானது, அவ்வளவே. வெள்ளத்தில் குதிரையை இறக்கியதற்கு இந்த விளக்கம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நூறு குதிரைகளோடு பல்லாயிரம் பேரை எதிர்க்கக் கிளம்பிய கணக்கை எந்த ஃபர்மானாலும் நேராக்க முடியாது.

ஆவணம் என்றாலே தெளிவு என்றும் எண்ண வேண்டாம். பாலாற்றங்கரை ராணிப்பேட்டையை, உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாகச் சாதத்துல்லா கான் 1771இல் அமைத்தார் என்று ஒரு குறிப்பு நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்படுகிறது. அந்த நவாப் 1732இலேயே இறந்துவிட்டார். ஆண்டு தவறா, ஆள் தவறா, காரணமே பின்னால் சேர்ந்ததா? என் ஊகம் கடைசிக்கே சாய்கிறது. எது என்று முடிவு செய்ய, 1771க்கு முந்தைய காகிதம் எதிலாவது அந்த ஊர்ப்பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஆற்காட்டு வருவாய்க் கணக்குகளைப் பார்க்கப் போகிறேன்.